உயிர் காத்த மாத்திரையும் உழைப்பாளியின் சிறுநீரகமும்

பம்மலிலிருந்து தாம்பரம் சானடோரியம் வெகு தூரமல்ல. பல்லாவரம் வந்து மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன். ஆனால் மாதத்துக்கு ஒரு தடவையோ, சில மாதங்களுக்கு ஒரு தடவையோ அந்தத் தூரத்தைக் கடந்து மாத்திரை வாங்கப் போகிற சிலருக்கு அது நீண்ட பயணம். அன்றைக்குக் கூலி கிடையாது. மேஸ்திரியிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் வேறொரு காரணம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. என்ற சொல் வெளியே தெரிந்தால் வாடகை வீடு போகும், வேலை போகும், பெண்ணுக்குப் பார்த்த வரன் போகும். இந்தப் பயத்தை நெஞ்சில் சுமந்து கொண்டே, நம்மோடு ஒரே தெருவில், ஒரே பஸ்ஸில், ஒரே தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து வருகிறார்கள்.

அவர்கள் வாழ்ந்து வருகிறார்கள் என்பதே பெரிய வெற்றி. அதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் வெற்றி கிடைத்த பிறகு எழுகிற கேள்வி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். பதினைந்து, இருபது ஆண்டுகளாக நாள் தவறாமல் இந்த மாத்திரைகளை விழுங்கி வருகிறவர்களின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது? இதயம் எப்படி இருக்கிறது? அதைச் சோதித்துப் பார்ப்பது யார் பொறுப்பு? கெட்டுப் போனால் பதில் சொல்வது யார்?

தானமாக வரவில்லை

இந்த மாத்திரை வந்த கதையை இளைய தலைமுறை அறிய வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன் முதலில் கண்டறியப்பட்டது நமது சென்னையில்தான். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், நிர்மலா என்ற மாணவி சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரிய வந்தது. அந்த நாட்களில் இந்த வியாதி வந்தவர்களைத் தொடுவதற்கே பல ஆஸ்பத்திரிகள் பயந்தன. 1928ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கி, பின்னர் சர்க்கார் ஏற்று நடத்திய தாம்பரம் சானடோரியம் 1993 முதல் இவர்களுக்குக் கதவைத் திறந்தது. காசநோயாளியை ஊரே ஒதுக்கி வைத்த காலத்தில் இடம் கொடுத்த இடம்தான், எய்ட்ஸ் நோயாளியை ஊர் ஒதுக்கிய போதும் இடம் கொடுத்தது. அங்கே பாடுபட்ட டாக்டர்களையும் நர்சுகளையும் கடைநிலை ஊழியர்களையும் உழைக்கும் மக்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் படுக்கை இருந்தது, மருந்து இல்லை. மருந்து உலகத்தில் இல்லாமல் இல்லை. 1996லேயே மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோயாளி பிழைப்பார் என்று தெரிந்து விட்டது. விலைதான் இடையே நின்றது. ஒரு நோயாளிக்கு ஓர் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல்! அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கம்பெனிகளின் பேடண்ட் உரிமை என்ற பூட்டு அது. 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா கம்பெனி அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் ஸ்தாபனத்துக்கு அறிவித்தது. பத்தாயிரம் எங்கே, முந்நூற்றைம்பது எங்கே? இடையில் இருந்த தொகையெல்லாம் எதன் விலை? மருந்தின் விலையா, ஏகபோகத்தின் விலையா?

அதற்கு வழி செய்தது 1970ம் வருஷத்திய பேடண்ட் சட்டம். மருந்துப் பொருளுக்கே பேடண்ட் கிடையாது, செய்முறைக்கு மட்டுமே என்று அது கூறியது. 2005ல் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்தால் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட போது, பார்லிமெண்டிலே இடதுசாரிகள் வற்புறுத்திப் பெற்ற பாதுகாப்புகள் இன்றும் பயன்படுகின்றன. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிய பேடண்ட் வாங்குவதைத் தடுக்கும் 3(டி) பிரிவு அவற்றில் ஒன்று. பேடண்ட் கொடுப்பதற்கு முன்பே யாரும் ஆட்சேபிக்கலாம் என்ற உரிமை இன்னொன்று. இந்த உரிமையைக் கொண்டுதான் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் சங்கங்கள், டெனோபோவிர் மருந்துக்கு கிலியட் என்ற அமெரிக்கக் கம்பெனி கேட்ட பேடண்டை எதிர்த்து 2006ல் மனுச் செய்தன. 2009ல் இந்தியப் பேடண்ட் அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தை நிராகரித்தது. நோயாளிகளே மனுதாரர்களாகி, பன்னாட்டுக் கம்பெனியைத் தோற்கடித்தார்கள்!

2004 ஏப்ரல் முதல் தேதி இந்திய சர்க்கார் இலவச சிகிச்சையைத் தொடங்கிய போது, முதல் கட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று. இன்று நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் இக்கிருமியுடன் வாழ்கிறார்கள். அவர்களில் 17 லட்சத்துக்கும் அதிகமானோர் சிகிச்சை பெறுகிறார்கள். எனவே, இந்த மாத்திரை சர்க்கார் இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை அல்ல. போராடிப் பெற்ற உரிமை. உரிமையாகப் பெற்ற பொருளின் தரத்தைப் பற்றிக் கேள்வி கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

ஏழைக்கு எப்போதும் பழைய மருந்து

முதலில் கொடுத்த மாத்திரையில் ஸ்டாவுடின் என்ற மருந்து இருந்தது. அது உயிரைக் காத்தது, உண்மை. ஆனால் நாளாக ஆக உள்ளங்கால் நெருப்பாய் எரிந்தது. கன்னத்துச் சதை வற்றிக் குழி விழுந்தது. முகத்தைப் பார்த்தே ‘இவன் அந்த மாத்திரை சாப்பிடுகிறவன்’ என்று கண்டு கொள்ளும் நிலை வந்தது. பணக்கார நாடுகள் அதைக் கைவிட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஏழை நாடுகளின் ஜனங்கள் அதையே விழுங்கினார்கள். 2009ல்தான் உலக சுகாதார ஸ்தாபனம் அதைப் படிப்படியாக நிறுத்துமாறு கூறியது. அதன் பிறகே இங்கும் மாற்றம் வந்தது.

மாற்றாக வந்தது டெனோபோவிர். இன்று சர்க்கார் மையங்களில் பெரும்பாலோருக்குக் கிடைப்பது டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. நாளுக்கு ஒன்று போதும். கிருமியை நன்றாக அடக்குகிறது. பழைய மருந்துகளை விட எவ்வளவோ மேல். இதையும் நாம் ஒளிக்காமல் சொல்கிறோம்.

ஆனால் டெனோபோவிரின் இந்த உப்பு வடிவம் சிறுநீரகத்தின் வழியாகத்தான் உடலை விட்டு வெளியேறுகிறது. சிறுநீரகம் வெறும் வடிகட்டி அல்ல. ரத்தத்தை வடிகட்டிய பிறகு, உடலுக்கு வேண்டிய சர்க்கரையையும் பாஸ்பேட் உப்பையும் நுண்ணிய குழாய்கள் மீண்டும் உறிஞ்சிக் கொள்கின்றன. இந்த நுண்குழாய்களின் அணுக்களில் டெனோபோவிர் சேர்ந்து, சிலருக்கு அவற்றைப் பழுதாக்குகிறது. அப்போது உடலில் நிற்க வேண்டிய உப்பு சிறுநீரோடு போய் விடுகிறது. பாஸ்பேட் போனால் எலும்பு வலுவிழக்கிறது. எல்லோருக்கும் இது வருவதில்லை. பெரும்பாலோருக்கு மோசமாக வருவதில்லை. ஆனால் வயது ஏறியவர்கள், உடல் மெலிந்தவர்கள், சர்க்கரை வியாதியும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இவர்களுக்கு ஆபத்து அதிகம். தொடக்கத்தில் வலி கிடையாது, வீக்கம் கிடையாது. ரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும், சிறுநீரில் புரதத்தையும் சர்க்கரையையும் பார்த்தால்தான் தெரியும். சரியான காலத்தில் கண்டு மருந்தை மாற்றினால் பலருக்குச் சிறுநீரகம் தேறி விடுகிறது. காலம் கடந்தால் டயாலிசிஸ் எந்திரம்தான் கதி.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூட்டு மாத்திரையில் உள்ள டொலுடெக்ராவிர், சிறுநீரகம் கெடாமலே கிரியாட்டினின் அளவைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டும். ஆகவே ஒரே ஒரு முறை பார்த்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது, அடுத்த தடவை எவ்வளவு, இன்று எவ்வளவு என்ற வரிசை வேண்டும். அதாவது ஒழுங்கான சோதனையும், ஒழுங்கான பதிவேடும், அதைப் படித்துச் சொல்ல நேரமுள்ள டாக்டரும் வேண்டும். மாத்திரை டப்பாவை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் போதாது.

லாபத்துக்காகப் பத்தாண்டுகள்

இந்த டெனோபோவிருக்கே சிறுநீரகத்தையும் எலும்பையும் குறைவாகத் தாக்கும் இன்னொரு வடிவம் இருக்கிறது. டெனோபோவிர் அலபெனமைடு என்று பெயர். இதைக் கொடுத்தால் ரத்தத்தில் டெனோபோவிரின் அளவு சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மருந்து போக வேண்டிய அணுக்களுக்குள் போய்ச் சேர்கிறது. இதுவும் குற்றமற்ற மருந்து என்று நாம் சொல்லவில்லை. இதைச் சாப்பிடுகிறவர்களுக்கு உடல் எடையும் ரத்தக் கொழுப்பும் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கு இது ஒரு வழி.

இந்த வழி எப்போது திறந்தது? அதை ஆராய்ந்து கொண்டிருந்த அதே கிலியட் கம்பெனி 2004ல் அந்த ஆராய்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. பழைய வடிவம் அப்போது சந்தையில் கோடி கோடியாகச் சம்பாதித்துக் கொண்டிருந்தது. பழையதன் பேடண்ட் காலம் முடிவை நெருங்கும் வேளையில், 2015ல், புதிய வடிவம் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. இடையில் பதினோரு ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் எங்கள் சிறுநீரகமும் எலும்பும் கெட்டன என்று கூறி, சுமார் 24,000 நோயாளிகள் கலிபோர்னியா நீதிமன்றங்களில் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தார்கள். புதியது பழையதை விடப் போதுமான அளவு மேலானதாக அன்று தோன்றவில்லை என்பது கம்பெனியின் வாதம். நீதிமன்றங்கள் சட்டத்தைப் பார்க்கட்டும். நாம் கேட்பது சாதாரண மனிதனின் கேள்வி: எந்த மருந்து எப்போது வர வேண்டும் என்பதை நோயாளியின் சிறுநீரகம் முடிவு செய்ய வேண்டுமா, பேடண்டின் காலக்கெடு முடிவு செய்ய வேண்டுமா? லாபமே கடவுள் என்று கொண்டாடும் சமுதாயத்தில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடைக்காது.

இந்தப் புதிய வடிவத்தைத் தயாரிக்கும் உரிமம் 2014லேயே சர்வதேச மருந்துப் பேடண்ட் தொகுப்பின் மூலம் இந்தியக் கம்பெனிகளுக்குக் கிடைக்க வழி செய்யப்பட்டது. மருந்து நம் நாட்டில் செய்யக் கூடியதுதான். ஆகவே இல்லை என்ற சாக்கை யாரும் சொல்ல முடியாது.

இதயம்

சிறுநீரகத்தின் கதை இப்படி என்றால் இதயத்தின் கதை என்ன? எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு. மருந்து மட்டுமே இதற்குக் காரணமல்ல. கிருமி அடங்கிக் கிடந்தாலும் உடலுக்குள் ஒரு கனல் புகைந்து கொண்டே இருக்கிறது. அது ரத்தக் குழாய்களைப் புண்ணாக்குகிறது. அதன் மேல் சில மருந்துகளும் சேர்கின்றன. இரண்டாம் கட்ட சிகிச்சையில் தரப்படும் லோபினாவிர் போன்றவை ரத்தக் கொழுப்பைக் கூட்டுகின்றன. டொலுடெக்ராவிர் சிலருக்கு உடல் எடையையும் சர்க்கரையையும் கூட்டுகிறது. சிறுநீரகம் கெட்டால் டெனோபோவிருக்குப் பதிலாகக் கொடுக்கும் அபாகாவிர் மருந்துக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டு என்று, 33,000 பேருக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்த சர்வதேச ஆய்வு 2008ல் தெரிவித்தது. பின்னால் வந்த வேறு சில ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. நிபுணர்களிடையே விவாதம் நடந்தது. விவாதம் எப்படி முடிந்தாலும் ஒன்று தெளிவு. சிறுநீரகத்துக்காக மருந்தை மாற்றும் போது இதயத்தையும் பார்த்தே மாற்ற வேண்டும். ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றைப் பலி கொடுக்கக் கூடாது.

நல்ல செய்தியும் இருக்கிறது. இந்தியா உள்ளிட்ட பன்னிரண்டு நாடுகளில் 7,769 பேரைக் கொண்டு ‘ரிப்ரீவ்’ என்ற பெயரில் ஒரு சோதனை நடந்தது. நாற்பது முதல் எழுபத்தைந்து வயது வரையுள்ள, எச்.ஐ.வி. சிகிச்சை பெறும் ஜனங்களில் பாதிப் பேருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை ஒன்றை தினமும் கொடுத்தார்கள். 2023ல் முடிவு வெளியாயிற்று. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 35 சதவீதம், குறைந்தன! அடுத்த ஆண்டே, 2024 பிப்ரவரியில், அமெரிக்க நிபுணர்கள் தங்கள் சிகிச்சை விதிகளில் இதைச் சேர்த்து விட்டார்கள். சோதனைக்கு உடலைக் கொடுத்தவர்களில் இந்திய ஏழையும் இருக்கிறான். பலன் மட்டும் அவனுக்கு எப்போது வந்து சேரும்? ஸ்டாட்டின் மாத்திரைகள் இந்தியாவில் மலிவாகத் தயாராகின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மற்ற நோயாளிகளுக்குக் கொடுக்கவும் செய்கிறார்கள். ஆகவே இது கஜானாவைக் காலி செய்யும் காரியமல்ல.

ஒரே மாத்திரை, ஒரே உடல் அல்ல

‘மருந்து எல்லோருக்கும் ஒன்றுதானே, இதில் வர்க்கம் எங்கே வந்தது?’ என்று சிலர் கேட்கலாம். சொல்கிறோம்.

பம்மலையும் நாகல்கேணியையும் எடுத்துக் கொள்ளுங்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் ஈரத் தோலைத் தூக்கிப் போடுகிற தொழிலாளி, கட்டடத்தில் செங்கல் சுமக்கிற சித்தாள், லாரியில் மூட்டை ஏற்றுகிறவர் இவர்களுக்கு மாலையானால் இடுப்பு வலி, முழங்கால் வலி. மறு நாள் வேலைக்குப் போயாக வேண்டும். மருந்துக் கடையில் ‘உடம்பு வலிக்கு இரண்டு மாத்திரை கொடு’ என்று கேட்டு வாங்கிப் போட்டுக் கொள்கிறார்கள். டிக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளே சிறுநீரகத்துக்குப் பகை. டெனோபோவிரோடு அவை சேரும் போது சிறுநீரகம் திடீரென்று செயலிழந்த சம்பவங்களை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. சித்திரை வெயிலில் சித்தாள் பெண் தண்ணீரே குடிப்பதில்லை. ஏன்? குடித்தால் ஒதுங்க இடமில்லை. வறண்ட உடம்பு, வலி மாத்திரை, டெனோபோவிர் இந்த மூன்றும் ஒரே சிறுநீரகத்தில் வந்து கூடுகின்றன.

அதே மாத்திரையைச் சாப்பிடும் வசதியுள்ளவர் மூன்று மாதத்துக்கொரு முறை தனியார் லேபில் ரத்தம் கொடுத்து, வீட்டிலிருந்தபடியே முடிவைப் பெறுகிறார். உடம்பு வலித்தால் ஓய்வெடுக்கிறார். அவருக்குச் சிறுநீரகம் சற்றே சுணங்கினாலும் மறு வாரமே மருந்து மாறுகிறது. இதுதான் வர்க்கம்! மாத்திரை ஒன்றுதான், அதை விழுங்கும் வாழ்க்கை ஒன்றல்ல.

‘பீடி குடிக்காதே, உப்பைக் குறை, உடற்பயிற்சி செய்’ என்று புத்திமதி சொல்கிறார்கள். பீடியும் சிகரெட்டும் இதயத்துக்குக் கெடுதல், விடத்தான் வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர் கட்டாயம் விட வேண்டும். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் முதுகொடிய உழைப்பவனுக்கு உடற்பயிற்சி உபதேசம் செய்து விட்டு, ரத்தப் பரிசோதனைக்கு வெளியே போ என்று சீட்டு எழுதிக் கொடுப்பது என்ன நியாயம்?

மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

இங்கே ஒரு விஷயத்தை ஐயம் திரிபற எழுத விரும்புகிறோம். இதைப் படிக்கிற யாராவது, ‘மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்குமாமே, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போம்’ என்று நினைத்தால் அது பெரும் தவறு. உயிருக்கே ஆபத்து.

இது வெறும் உபதேசமல்ல. நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டால் பக்க விளைவு குறையுமா என்று பார்க்கவே ‘ஸ்மார்ட்’ என்ற பெரிய சோதனை நடந்தது. 33 நாடுகளில் 5,472 பேர் பங்கு கொண்டார்கள். 2006ல் முடிவு வந்தது. இடையில் மருந்தை நிறுத்தியவர்களிடையே சாவு அதிகம். அது மட்டுமா? எந்த இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பாற்ற மருந்தை நிறுத்தினார்களோ, அந்த இதய, சிறுநீரக வியாதிகளும் நிறுத்தியவர்களுக்கே அதிகமாக வந்தன! கட்டுப்படுத்தாத கிருமி எந்த மருந்தையும் விடக் கொடிய விஷம். சிறுநீரகத்தைக் கிருமியே நேராகத் தாக்குவதும் உண்டு. ஆகவே மருந்தை மாற்றுவது டாக்டரின் வேலை. நிறுத்துவது யாருடைய வேலையும் அல்ல. ‘இங்கிலீஷ் மருந்தை விடு, நான் பூரணமாகக் குணப்படுத்துகிறேன்’ என்று விளம்பரம் செய்யும் பேர்வழிகளின் வலையிலும் விழாதீர்கள்.

‘அப்படியானால் இதையெல்லாம் ஏன் எழுதுகிறீர்கள்? ஜனங்கள் பயந்து மருந்தை விட்டு விட மாட்டார்களா?’ என்று நல்லெண்ணம் கொண்ட சில நண்பர்கள் கேட்கிறார்கள். மறைத்தால் பயம் போய் விடுமா? கால் வீங்கும் போது, மூச்சு வாங்கும் போது, யாரோ ஒருவர் காதில் போட்ட அரைகுறைச் செய்தியை நம்பி மருந்தை விடுகிறவர்கள் இல்லையா? உண்மையை முழுவதும் தெரிந்து கொண்டவன்தான் மாத்திரையையும் விடாமல் சாப்பிடுவான், சோதனையையும் விடாமல் கேட்பான். உழைக்கும் மக்களின் அறிவில் நமக்கு நம்பிக்கை உண்டு.

‘இயன்ற அளவு’ என்ற இரண்டு சொற்கள்

சட்டம் என்ன சொல்கிறது? நீண்ட கிளர்ச்சிக்குப் பிறகு 2017ல் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. 2018 செப்டம்பர் 10 முதல் அமுலில் இருக்கிறது. வேலையில், வீட்டில், பள்ளியில், ஆஸ்பத்திரியில் பாரபட்சம் காட்டக் கூடாது என்று அது கூறுகிறது. சம்மதமின்றி நோயை வெளியே சொல்லக் கூடாது என்கிறது. இவை நல்ல ஷரத்துகள். ஆனால் மருந்தும் சிகிச்சையும் தரும் 14வது பிரிவுக்கு வந்ததும் சர்க்காரின் கை நடுங்குகிறது. ‘இயன்ற அளவு’ தரப்படும் என்று எழுதியிருக்கிறார்கள்!

இயன்ற அளவு என்றால் எவ்வளவு? வரி வசூலிக்கும் சட்டத்தில் ‘இயன்ற அளவு கட்டு’ என்று எழுதியிருக்கிறார்களா? முதலாளிக்குக் கொடுக்கும் சலுகையில் ‘இயன்ற அளவு’ உண்டா? ஏழையின் மருந்தில் மட்டும் ஏன் இந்த ஓட்டை? இந்த ஓட்டை வழியாக என்ன ஒழுகும் என்பதை 2022ல் பார்த்தோம். மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்து எச்.ஐ.வி. உள்ளவர்கள் டில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு ஸ்தாபனத்தின் அலுவலகத்திலேயே ஒரு மாதத்துக்கும் மேலாக உட்கார்ந்து போராடினார்கள். மாத்திரைக்கே இந்தக் கதி என்றால், கிரியாட்டினின் சோதனையும் கொழுப்புச் சோதனையும் இந்த ‘இயன்ற அளவு’க்குள் எங்கே அடங்கும்?

பணமில்லை என்பார்கள். கணக்குப் பார்ப்போம். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பதும், சிறுநீரில் ஒரு குச்சியை நனைத்துப் பார்ப்பதும் சாதாரணச் சோதனைகள். சிறுநீரகம் செத்து விட்டால் வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை டயாலிசிஸ், சாகும் வரை. அதிலும் எச்.ஐ.வி. என்றால் ‘எங்கள் எந்திரத்தில் முடியாது’ என்று தட்டிக் கழிக்கிற இடங்கள் உண்டு. வழக்கமான சுத்தக் கட்டுப்பாடுகளைப் பின்பற்றினால் தனி எந்திரம் தேவையில்லை என்று மருத்துவ விஞ்ஞானம் சொல்கிறது. மறுப்பது சட்ட விரோதம் என்று 2017ம் வருஷச் சட்டம் சொல்கிறது. எது சிக்கனம்? சோதனையா, டயாலிசிஸா? குடும்பத்தின் சம்பாத்தியமே படுக்கையில் விழுந்தால் அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

நமது கோரிக்கைகள்

ஏ.ஆர்.டி. மையங்களின் ஊழியர்கள் மீது நாம் பழி போடவில்லை. ஒப்பந்த ஊழியர்களாக, குறைந்த சம்பளத்தில், நீண்ட வரிசைக்கு முன்னால் நிற்கிறவர்கள் அவர்கள். கிருமியின் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது, எத்தனை பேர் மாத்திரை வாங்கினார்கள் என்பதைத்தான் மேலிடம் கேட்கிறது. எத்தனை பேரின் சிறுநீரகம் காப்பாற்றப்பட்டது என்று கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு யாரும் பதில் தயாரிக்க மாட்டார்கள். ஆகவே நாம் கேட்கிறோம்.

1. கிரியாட்டினின், சிறுநீர்ச் சோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்பு இவையனைத்தும் மாத்திரை கொடுக்கும் அதே இடத்தில், அதே நாளில், இலவசமாக, காலக் கிரமப்படி நடக்க வேண்டும். வெளியே போய் ரத்தம் கொடுத்து வா என்ற நிலை ஒழிய வேண்டும்.

2. ஒவ்வொரு நோயாளியின் கையிலும் அவருடைய சோதனை எண்கள் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். அந்த எண் ஏறினால் என்ன அர்த்தம் என்று தமிழில் சொல்ல வேண்டும். வலி மாத்திரையைப் பற்றிய எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

3. சிறுநீரகம் பழுதடையத் தொடங்கியவர்களுக்கு, சிறுநீரகத்தைக் குறைவாகத் தாக்கும் புதிய டெனோபோவிர் உள்ளிட்ட மாற்று மருந்துகள், இதயத்தையும் கவனத்தில் கொண்டு, தாமதமின்றித் தரப்பட வேண்டும்.

4. நாற்பது வயது கடந்தவர்களுக்கு ஸ்டாட்டின் மாத்திரை தருவதைப் பற்றி மத்திய சர்க்கார் தெளிவான முடிவெடுத்து அமுல் நடத்த வேண்டும்.

5. வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை மாநில சர்க்கார் 2021ல் தொடங்கியது. அதன் சேவை இவர்களுக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் ரகசியம் தெருவுக்கு வராமல் காக்கும் ஏற்பாட்டோடு கிடைக்க வேண்டும்.

6. சட்டத்தின் 14வது பிரிவிலிருந்து ‘இயன்ற அளவு’ என்ற சொற்களை நீக்கி, சிகிச்சையும் அதன் சோதனைகளும் முழு உரிமை என்று திருத்த வேண்டும்.

இவை நிலவைப் பிடித்துத் தரச் சொல்லும் கோரிக்கைகள் அல்ல. இருக்கிற ஆஸ்பத்திரி, இருக்கிற லேப், இந்தியாவிலேயே தயாராகும் மருந்து இவற்றைக் கொண்டே செய்யக் கூடியவை.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பம்மலில், பல்லாவரத்தில், குரோம்பேட்டையில் நமது சங்கக் கூட்டங்களில் போனஸ் பேசுகிறோம், கூலி பேசுகிறோம். இந்த வியாதியைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். நமது கூச்சம்தான் நம் சகோதரனைத் தனியாக ரயிலேற வைக்கிறது. சங்கத்தில் யாருக்கு இந்த வியாதி என்று துருவிக் கேட்க வேண்டாம், கேட்கவே கூடாது. மருத்துவ விடுப்பு எடுக்கும் தொழிலாளியிடம் காரணம் கேட்டுத் துன்புறுத்தக் கூடாது என்று நிர்வாகத்திடம் பேசுங்கள். வேலையிடத்தில் குடிதண்ணீரும் கழிப்பறையும் கேளுங்கள். அது எல்லாத் தொழிலாளியின் சிறுநீரகத்தையும் காக்கும். சொல்ல முடியாமல் மாத்திரை சாப்பிடுகிறவரின் சிறுநீரகத்தையும் சேர்த்துக் காக்கும்.

சானடோரியம் வரிசையில் நிற்கிற நண்பர்களுக்குச் சொல்கிறோம்: நீங்கள் குற்றவாளிகள் அல்ல; யாசகர்களும் அல்ல. மாத்திரையை ஒரு நாளும் தவற விடாதீர்கள். அடுத்த தடவை போகும் போது, ‘என் கிரியாட்டினின் எவ்வளவு? போன தடவை எவ்வளவு?’ என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் தட்டிக் கழிக்கலாம். வரிசையே கேட்டால் பதில் சொல்லித்தான் தீர வேண்டும்.